படம் இல்லாத குப்பி

"தாத்தா, உங்க கையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கா? ஏன் ஒருத்தர் கையிலேர்ந்து ஒருத்தர் எதையுமே வாங்கிக்க மாட்டேங்கறீங்க?"

என் மகள் ஷியாவ்மான் ஐந்து வயதில் கேட்ட கேள்வி இது. பெய்ஜிங்கில் பழம்பொருள் கடைகள் நிறைந்த ஒரு சந்தில் எனக்குத் தேநீர்க் கடை. ஞாயிறு காலையில் மூக்குப்பொடிக் குப்பி சேகரிக்கும் பெரியவர்கள் வந்து சன்னலோர மேஜையைப் பிடித்துக்கொள்வார்கள். கல்லைக் குடைந்து செய்த, கட்டைவிரல் உயரக் குப்பிகள், மன்னர் காலத்தவை. அவற்றுக்காக உயிரை விடும் அந்தக் கூட்டத்தில் பொடி போடுகிறவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அதன் வாசனை பட்டாலே தும்மல்.

"கை மாறுறப்போ விழுந்தா யார் உடைச்சதுன்னு சண்டை வரும் கண்ணு," என்றார் அந்தக் கூட்டத்தின் தலைவர் தோங். "அதனால மேஜையில வெச்சுக் கையை எடுத்துடுவோம். அப்புறம்தான் அடுத்தவர் தொடுவார். அதுதான் பண்பு."

"நம்பிக்கை இல்லைங்கறதுக்கு எவ்வளவு மரியாதையான பேரு," என்றார் சுவோ. பொடி போடுகிறவர் அவர்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரிடம் இருந்தது ஒரே குப்பி, அப்பா விட்டுப்போனது. வெறும் வெள்ளை அகேட் கல்.

தோங்கின் குப்பியோ சாம்பல் நிற அகேட். அதில் இயற்கையாகவே ஒரு பழுப்புக் கறை. பைன் மரத்தடியில் மீனவன் உட்கார்ந்திருக்கிறான் என்பார் தோங். மீனவனைப் பார்த்தவர்களின் தேநீருக்கு அவரே பணம் கொடுப்பார். அதனால் எல்லோருக்கும் பார்வை கூர்மையாக இருந்தது. ஒருவருக்கு மீனும் தெரிந்தது. அவருக்கு வறுத்த கடலையும் கிடைத்தது.

"எனக்கு டீ சிந்தின மாதிரிதான் தெரியுது," என்பார் சுவோ. தன் தேநீருக்குத் தானே கொடுப்பார்.

ஒரு ஞாயிறு குவாங்ஜோவிலிருந்து லியாங் என்ற பெரும் சேகரிப்பாளர் வந்தார். தோங் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"தூண்டில்கூடத் தெரியுதே," என்றார் லியாங்.

தூண்டிலை அதுவரை எவரும் கண்டதில்லை. தோங் உருகிப் போனார். மேஜை இருப்பதையே மறந்து குப்பியை நேராக லியாங்கின் கையில் நீட்டினார். இரண்டு கைகளுக்கும் நடுவே அது நழுவிக் கல்தரையில் விழுந்தது. மீனவன் ஒரு துண்டில், மரம் ஒரு துண்டில்.

"நீங்க விட்டுட்டீங்க."

"நீங்க குடுக்கவே இல்லையே ஐயா."

கொஞ்ச நேரம் இப்படியே போயிற்று. பிறகு இருவரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனார்கள். கடலைத் தட்டோடு பக்கத்தில் வந்த ஷியாவ்மான்தான் இடித்துவிட்டாளாம்.

"அவ தள்ளித்தானே நின்னா," என்றேன்.

"தங்கச்சி, உன் கடையை வித்தாலும் இதுக்கு ஈடாகாது," என்றார் தோங். "ஆனாலும் ஏதாவது பண்ணித்தான் ஆகணும்."

நான் சன்னலோரத்தாரைப் பார்த்தேன். அவர்கள் தங்கள் கோப்பைகளைப் பார்த்தார்கள். அவற்றில் இருந்தது தோங் வாங்கிக் கொடுத்த தேநீர்.

சுவோ மூக்கைத் துடைத்துக்கொண்டார். "குழந்தை இல்ல. என் கால்தான் உங்க நாற்காலியில இடிச்சுது."

அவர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு நீளக் கால் எந்த மனிதனுக்கும் கிடையாது. ஒருவரும் அதைச் சொல்லவில்லை. சுவோ தன் குப்பியை மேஜைத் துணிமேல் வைத்துக் கையை எடுத்தார். "இத வெச்சுக்கோங்க."

தோங் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒண்ணுமே இல்லையே."

"ஆமா. பார்த்தேன்னு யாரும் பொய் சொல்ல வேண்டியதில்ல."

அன்று மாலை கருணைத் தாய் குவான்யினுக்கு ஊதுபத்தி ஏற்றினேன். தாய் நேரில் வருவதில்லை; மூக்கு ஒழுகும் பஸ் டிரைவரை அனுப்புகிறாள்.

அடுத்த ஞாயிறு தோங் எல்லோருக்கும் முன்னால் வந்து அந்தக் குப்பியை என் பக்கம் தள்ளினார். "என் அலமாரிக்கு இது பொருந்தல. நீயே வெச்சுக்கோ. பல்குச்சி போட்டு வைக்க ஆகும்." தர்மம் செய்த திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

அன்று சுவோ பொடியைச் செய்தித்தாளில் மடித்துக் கொண்டுவந்தார். குப்பி இல்லாதவருக்கு மேஜையில் என்ன வேலை என்று அவர் நாற்காலியை அடுப்போரம் நகர்த்திவிட்டார்கள்.

"இங்கதான் சூடா இருக்கு," என்று அவர் சிரித்தார்.

அதற்கடுத்த ஞாயிறு, கடை திறக்குமுன், ஷியாவ்மான் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, குப்பியைக் கழுவி உலர்த்தினேன். அவர் போடும் பொடியையே வாங்கி வைத்திருந்தேன். அதை நிரப்பி, சின்னக் கரண்டி பொருத்திய மூடியால் மூடினேன். அடுப்போரத்து நாற்காலியைத் தூக்கி வந்து மேஜையருகே போட்டேன். அதற்கு நேரே, துணிமேல் குப்பியை வைத்தேன்.

கையை எடுத்துக்கொண்டேன். உள்ளே கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது; அதைப் பார்க்கப் போனேன்.