கூத்தடிப்பு என்றொரு சொல்

கிட்ட வாங்க பிள்ளைகளே, பாயில் நெருங்கி இருந்துகொள்ளுங்கள். ஒரு சொல்லின் கதை எழுதி வைத்திருக்கிறேன், வாசித்துச் சொல்லப்போகிறேன். எங்கள் வாவிக்கரை ஊரான தன்னாமுனையில் செபஸ்தியம்மாவை ஒருவன் 'கூத்தடிப்பு' என்ற சொல்லால் சுட்டான். அதில் பிறந்த கதை இது.

1

செபஸ்தியம்மா வாவியோரம் பூத்த ஒரு… (வேண்டாம். அவள் வாவியில் பிடிபடும் றாலைக் கூடையில் சுமந்து விற்கிறவள்.) இயேசுவின் பாடுகளைக் காட்டும் தவக்காலப் பாஸ்கா நாடகத்தில் வருடாவருடம் அவள்தான் மாதா. அந்த ஒரு பின்னேரம் மட்டுமே ஊர் அவளுடைய கூடையை விட்டு முகத்தைப் பார்க்கும். இம்முறை நாடகம் பழக்கியவன் அவளுடைய தம்பியின் மகன் றெஜி. புது மேடை, மைக், வெளிநாட்டு உறவுகளுக்காகக் கெமரா. கடைசி ஒத்திகைப் பழக்கத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னான்:

"மாமி, கூத்தடிக்காதீங்க. கெமரா கிட்டத்தான் நிக்கிது. நாளைக்கும் இப்பிடியெண்டா அடுத்த வருசம் மாதா இந்தச் சின்னவள் மதுஷாதான்."

"குடு மருமகன். அவள் ஆருக்கு அழப்போறாள், அந்தக் கெமராப் பெட்டிக்கா?"

வாய் அப்படிச் சொன்னது. வீட்டில் அவள் சோறு தின்னவில்லை.

2

சொல்லுக்கு வருவோம். (நான் படித்தவள் அல்ல, இது என் ஊகம்.) எங்கள் கூத்து வட்டக்களரியில் ஆடுவது, சுற்றிவரச் சனம். ஒரு பக்கம் பார்த்து அழுதால் மற்றப் பக்கத்துக்கு முதுகுதான். ஆகவே சுற்றிச் சுற்றி, கடைசிப் பாய்க்காரனுக்கும் எட்ட அழவேண்டும். அந்தப் பெரிய அழுகையைச் சின்ன மேடையில் கண்ட எவரோதான் முதலில் முகம் சுளித்திருப்பார். மறுகா, காலம் போக, கும்மாளம் போடும் பெடியளுக்கும் பொய்யாய் மயங்கி விழுகிறவர்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

3

நாடகத்தன்று, பெரிய வெள்ளிக்கிழமை, சனம் ஒரு பிழை செய்தது. முன்னால் இடம் கிடக்க, கூத்துப் பார்த்த பழக்கத்தில் பாதிப் பேர் மேடைக்குப் பின்னால் பாய் விரித்தார்கள். மறைக்குதென்று பின்திரையையும் கழற்றிச் சுருட்டிவிட்டார்கள். றெஜி கெஞ்சிப் பார்த்தான். எவரும் அசையவில்லை.

சிலுவைக் காட்சி. எல்லோரும் கெமராவைப் பார்த்தே நடித்தார்கள். செபஸ்தியம்மா றெஜியை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் (இங்கே எழுதி எழுதி வெட்டினேன்) திரும்பினாள். பின்னால் இருந்தவர்களிடம் மகனைச் சொல்லி அழுதாள். மேடையைச் சுற்றிவந்து, கைகளை வானமளவு விரித்து அழுதாள். பின்பக்கம் எழுந்து நின்று அவளுடைய ஒப்பாரியை வாங்கிப் பாடியது. முன்பக்கமும் சேர, மைக் யாருக்கும் தேவைப்படவில்லை.

4

றெஜி ஓடிவந்து மாமியின் காலில் விழுந்து கதறி… (இது என் கூத்தடிப்பு. வெட்டிவிட்டேன்.)

அவன் கெமராவை முக்காலித் தாங்கியிலிருந்து கழற்றிக் கையில் எடுத்தான். மேடையேறி, அவள் பின்னாலேயே சுற்றிச் சுற்றி நடந்தான்.

நாடகம் முடிந்து மாமியிடம் என்ன சொன்னான்? அதை நீங்கள் சொல்லுங்கள். அடுத்த வருடமும் மாதா அவள்தான். அதை மட்டும் மாற்றாதீர்கள்.

உங்கள் வீட்டில் உலை ஓயாதிருக்கட்டும், பிள்ளைகளே. அழுகிறவருக்குப் பக்கத்தில் ஆளும், சிரிக்கிறவருக்கு வாசல் நிறையச் சனமும் இருக்கட்டும்.