சன்னலைப் பார்த்த குழாய்

“என்னடா? இன்னொரு தடவை சொல்லு” என்று அக்கா தம்பியின் வாயருகே காதைக் கொண்டுபோனாள். அவன் உதடு அசைந்தது. அசைந்தது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. சன்னலுக்கு நேர் எதிரே, கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய் நாட்டுக்காக உயிரையும் தருவோம் என்று வீடே அதிர அலறிக்கொண்டிருந்தது. அலமாரியில் மருந்துப் புட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஒரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மறு காதை அவன் உதட்டிலேயே வைத்தாள். சூடான மூச்சு இரண்டு தரம் பட்டது. அதற்குப் பிறகு வரவில்லை.

இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது? வேலைக்குப் போன நாள் முதல் ஓய்வு பெறும்வரை தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் அவள். மழைக்காலத்தில், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கம்பியில் வரும் குரலில்கூட, எதிர்முனை ‘வரேன்’ என்றதா ‘வரலே’ என்றதா என்று பிரித்துச் சொல்லிவிடுவாள். தெருவே அவளை டெலிபோன் அக்கா என்றுதான் கூப்பிடும். ஊரார் பேச்சையெல்லாம் கேட்ட காது, கூடப்பிறந்தவனின் கடைசிப் பேச்சைக் கேட்கவில்லை. கேட்க விடவில்லை என்பதுதான் சரி.

காலையிலேயே போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். விடுதலை நாள் வந்தால் அந்தத் தெருவுக்குத் தலைகால் புரியாது. கொளுத்துகிற வெயிலில் பந்தல், பலூன், பிள்ளைகளுக்குச் சாக்கு ஓட்டம், பெரியவர்களுக்குக் கயிறு இழுப்பு, சாயங்காலம் மேடைப் பேச்சு, இருட்டியதும் வாணவேடிக்கை. எதையும் அவள் குறை சொல்லவில்லை. தம்பி இப்பவோ அப்பவோ என்று கிடக்கிறான், குழாயை மட்டும் அந்தப் பக்கம் திருப்பி வையுங்கள் என்றாள். தெருச் சங்கச் செயலாளரான சிமென்ட் கடைக்காரர், சட்டையில் காகிதக் கொடியைக் குத்திக்கொண்டே தலையை ஆட்டினார். அவள் நாலடி போனதும், “நாட்டுக்காக வருஷத்துல ஒரு நாள் பொறுத்துக்கக் கூடாதாக்கா?” என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைப் பார்த்து யார் கேட்கிற கேள்வி? தம்பி நகரப் பேருந்து ஓட்டியவன். வேலையில் இருந்தவரை ஒரு விடுதலை நாளிலும் அவன் வீட்டில் இருந்ததில்லை. அன்றைக்குத்தான் கூட்டம் அள்ளும். அணிவகுப்பு பார்க்கப் போகிறவர்களைப் படிக்கட்டு வழிய வழிய ஏற்றிக்கொண்டுபோய் மைதான வாசலில் இறக்கிவிட்டு, அடுத்த கும்பலுக்காக வண்டியைத் திருப்புவான். அணிவகுப்பை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கேட்டால், “பாக்கத்தான் ஊரே இருக்கேக்கா, ஓட்டத்தானே ஆளில்ல” என்று சிரிப்பான். இந்தச் செயலாளரும் அரைக்கால் சட்டை வயதில் அவன் வண்டியின் சன்னலில் தலையை நீட்டிக் கொடியாட்டிக்கொண்டு போனவர்தான், தலையை உள்ளே இழுடா என்று அவனிடம் திட்டு வாங்கியவர்தான்.

குழாய் திரும்பவில்லை.

சாவுச் செய்தியைத் தம்பி மகன் கீழே ஓடிப்போய்ச் சொன்னதும் பாட்டின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள். நிறுத்தவில்லை. பிணம் கிடக்கிற வீட்டுக்கு அந்த மரியாதை போதும் என்று நினைத்தார்கள்போல. செயலாளர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். தங்கமான மனிதர் என்றார். விடுதலை நாளன்று போவதற்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார். பிறகு அவள் பக்கம் குனிந்தார்.

“கடைசியா ஏதாவது சொன்னாராக்கா?”

“சொன்னான்.”

“என்னன்னு?”

“உங்க குழாயைக் கேளுங்க. அதுதான் பக்கத்துல இருந்துச்சு.”

செயலாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் சொல்லத்தான் சொன்னேன், பாட்டுப் போடுகிறவன் மறந்துவிட்டான் என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். அவள் தம்பியின் இமைகளை நீவி மூடினாள். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள். வெள்ளைச் சட்டையைப் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டிருக்கும்போது பாட்டு அடங்கி, செயலாளரின் குரல் குழாயில் வந்தது.

நம் தெருவின் மூத்த ஓட்டுநர் நம்மை விட்டுப் பிரிந்தார் என்று தொடங்கினார். துயரமான மாலை வேளை, மாமனிதர் என்று நாலு வார்த்தை அடுக்கினார். அப்புறம் குரலை உயர்த்தி, உயிர் பிரியும் நேரத்திலும் அவர் ‘தாய்நாடு வாழ்க’ என்று சொல்லித்தான் கண்மூடினார் என்றார். கீழே கைதட்டல் எழுந்தது. யாரோ ஒருவன் விசிலடித்தான்.

அவள் பொத்தானைப் பாதியிலேயே விட்டுவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பினாள். கால்மாட்டில் உட்கார்ந்திருந்த தம்பி மகனுக்கோ கண் கலங்கியிருந்தது.

“விடுங்க அத்தை. நல்ல வார்த்தைதானே சொல்றாங்க.”

“நல்ல வார்த்தைதான்டா. அவனோடது இல்லையே. தண்ணி கேட்டானோ, உன்னைக் கூப்பிட்டானோ, என்னைத்தான் திட்டினானோ. எதுவா இருந்தாலும் அது எனக்குச் சொன்னது. இவங்க யாரு அதுல கை வைக்க?”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். மேடையேறி மைக்கைப் பிடுங்கி, இந்தப் பொய்யை இத்தனை பேருக்கும் முன்னால் உடைத்துவிட்டுத்தான் மறுவேலை. வாசலைத் தாண்டி முதல் படியில் கால் வைத்தாள். அப்போது செயலாளர், அனைவரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம் என்று அறிவித்தார்.

நாற்காலிகள் நகர்ந்தன. அழுத பிள்ளையை யாரோ அதட்டினார்கள். பிறகு தெரு அடங்கியது. பொழுது விடிந்ததிலிருந்து இல்லாத அமைதி. அவள் வீட்டுக் கடிகாரம் ஓடுகிற சத்தம் அவளுக்கே கேட்டது. இப்போது இறங்கிப்போய் மேடையில் எதைச் சொன்னாலும் தெருக்கோடிவரை கேட்கும்.

அவள் படியிலிருந்து காலை எடுத்தாள். விறுவிறுவென்று உள்ளே திரும்பி வந்து கட்டிலருகே மண்டியிட்டாள். தம்பி மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்; விரலை உயர்த்தி அடக்கினாள். பழைய வழக்கப்படி ஒரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மறு காதைத் தம்பியின் உதட்டோடு சேர்த்து வைத்தாள்.

வெளியூர்ப் பேச்சுக்கு மூன்று நிமிடம் முடிந்தால் கடிகாரத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுகிறவள் அவள். அறிவித்த ஒரு நிமிடத்தில் அரை நிமிடம்கூட ஆகவில்லை. குழாய் கரகரத்தது, பாட்டு மறுபடியும் எழுந்தது, அலமாரியில் புட்டிகள் அதிர்ந்தன. அவள் காதை எடுக்கவில்லை.