இல்லாத கட்டிக்கு ஒரு விரதம்

சென்னை டாக்டர் எதையும் மறைக்கவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு மார்பு வீங்கும், கல்லை ஏற்றி வைத்தது போல இறுகும், ஒன்று மேலே ஒன்று கீழே தெரியும், பயப்படாதே, போகப் போகச் சரியாகும்; கையைத் தோளுக்கு மேலே தூக்காதே, சாய்ந்தபடியே தூங்கு என்று எல்லாவற்றையும் பிட்டுப் பிட்டு வைத்தார். ஜனனியும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். அம்மா குணமாலா என்ன செய்வாள் என்பதை மட்டும் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

மார்பைப் பெரிதாக்கிக்கொண்டேன் என்று பெரிய காஞ்சிபுரத்துச் சமணக் குடும்பத்தில் எந்த வாயால் சொல்வது? "சின்னக் கட்டிமா, எடுத்துட்டாங்க" என்று சொல்லி வைத்தாள். பெரிய கெட்டிக்காரி! கட்டி என்றதும் குணமாலா புற்றுநோய் என்றே முடிவு கட்டிவிட்டாள்.

"டெஸ்டுக்கு அனுப்பியிருப்பாங்களே, ரிப்போர்ட் எப்போ வரும்?"

"வரும்மா, லேட்டாகும்" என்றாள் ஜனனி, வாய்க்கு வந்தபடி.

அவ்வளவுதான். குணமாலா நேரே ஜினாலயத்துக்குப் போனாள். கெட்டது ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வரும்வரை அன்னம் தொடுவதில்லை என்று விரதம் ஏற்றுக்கொண்டு வந்துவிட்டாள். பகலில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் மட்டும். பொழுது சாய்ந்தால் அதுவும் கிடையாது. வரவே வராத ரிப்போர்ட்டுக்காகச் சர்க்கரை வியாதிக்காரி பட்டினி கிடந்தாள்.

இன்று மத்தியானம் அவள் மயங்கி விழுந்துவிட்டாள். அப்பா சாந்திநாதன் தாங்கிப் பிடித்துப் படுக்க வைத்தார்.

"விரதத்த வுடுடின்னா கேக்க மாட்றா. நீயாவது டாக்டருக்கு போன் போட்டு கேளும்மா" என்று மகளிடம் கெஞ்சினார்.

ஜனனி போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். பொய்யாக ஒரு ரிப்போர்ட் அடித்துக் காட்டிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஏமாற்றி விரதத்தை முடித்தால் அந்தப் பாவம் யார் தலையில்? உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இறங்குவாள். பாதிப் படியில் வெட்கம் பிடுங்கித் தின்னும். திரும்ப ஏறுவாள். இப்படியே சாயங்காலம் முழுக்கக் கழிந்தது.

கடைசியில் அறைக்குள் போனபோது அம்மா வாடிய கீரையாகக் கிடந்தாள்.

"ரிப்போர்ட் வந்துச்சாமா?"

"கட்டியே இல்லம்மா."

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். "பொண்ணு பாக்க வரும்போதெல்லாம் என் ஜாக்கெட்டுக்குள்ள பஞ்சு வெச்சி தெச்சியே, ஞாபகம் இருக்குதா? என்னால மறக்க முடியலமா" என்று அழுதாள்.

அடிதான் விழும் என்று நினைத்தாள். குணமாலாவோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கட்டி இல்லையே? என் மேல ஆணையா இல்லையே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சாந்திநாதன் கஞ்சிக் கிண்ணத்தோடு ஓடி வந்தார். குணமாலா ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பொழுது போயிடுச்சே. இனிமே காலைலதான்" என்றாள். "அவளுக்குக் குடுங்க. மாத்திர போடணும் இல்ல? உடம்பு முடியாதவங்களுக்குத் தோஷமில்ல."

"உனக்கு மட்டும் முடியுதாம்மா?" என்றாள் ஜனனி.

"நான் ஏத்துக்கினது விரதம்."

கிண்ணம் ஜனனியின் கைக்கு வந்தது. படியில் ஏறி இறங்கிய நேரத்தில் சொல்லியிருந்தால் அம்மா இதைக் குடித்து முடித்திருப்பாள்.