கேள்வி எழவில்லை

சட்டமன்றத்தின் கடைசி வரிசையில், ஒரு தடித்த தூணுக்குப் பின்னால் நம் உறுப்பினருக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். நேரலைக் கேமராவில் அவர் தெரியமாட்டார். தொண்டை கிழியக் கத்தினாலும் தூண்தான் ஏதோ முனகுவதுபோல இருக்கும். கூட இருந்த உறுப்பினர்கள் அவருக்குத் 'தூண்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கட்சிக்கே தம்பிதான் தூண் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு ஊரில் அக்கா பூரித்துப்போனாள். அவரும் திருத்தவில்லை.

நாலு வருஷமாக அவர் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூட அவையில் வாய்மொழிப் பதிலுக்கு வந்ததில்லை. எந்தக் கேள்வி முதலில் என்று போடும் குலுக்கலில் அவருடைய சீட்டு அடியில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். இந்தத் தடவை வந்துவிட்டது, பதினோராவது கேள்வியாக.

அது அத்தானுக்காகக் கேட்ட கேள்வி. அக்கா புருஷன், தையல்காரர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டதால் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்காக விடியற்காலை பஸ் ஏறி, மூன்று மணி நேரம் தள்ளியிருந்த ஊருக்குப் போய் வந்தார். இத்தனைக்கும் உள்ளூர் ஆஸ்பத்திரிக்கே டயாலிசிஸ் மெஷின் வந்து ஒன்றரை வருஷமாகியிருந்தது. நர்ஸிடம் கேட்டால், "அது ஓடலைங்க" என்பாள். மெஷின் இருந்த அறை பூட்டியிருந்தது. சாவி கேட்டு வாங்கி உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும் என்று நம் உறுப்பினருக்குத் தோன்றவில்லை.

"பஸ்ல போய்ட்டு வந்தா பாதி உசிரு போயிடுது மாப்ளே," என்றார் அத்தான். "கேள்வி கேட்டிருக்கேல்ல, பதில் வரட்டும். அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போறேன்."

'மெஷின் ஓடாமல் கிடக்கிறதா?' என்றுதான் அவர் முதலில் எழுதியிருந்தார். கேள்விப் பிரிவு எழுத்தர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஓடாமல்னு போட்டா குதிரைப் பந்தயம் மாதிரி இருக்குங்கய்யா. 'பழுதடைந்துள்ளதா'ன்னு போடலாம். கம்பீரமா இருக்கும்."

உறுப்பினர் தலையாட்டினார். நாலு வருஷமாகத் தலையாட்டியே பழகிய தலை. அதைச் சொல்லி என்ன பண்ண?

கேள்வி இப்படி அச்சானது: (அ) ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷின் பழுதடைந்துள்ளதா? (ஆ) ஆமெனில், எப்போது சரிசெய்யப்படும்?

கேள்வி வந்த அன்றைக்குச் சுகாதார அமைச்சர் எழுந்து தாளைப் பார்த்து வாசித்தார். "அ, இல்லை. ஆ, கேள்வி எழவில்லை." உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதான் பதில். ஒரு துணைக்கேள்விக்கு அனுமதி உண்டு. அதற்காக அவர் ராவெல்லாம் கண்விழித்து ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்திருந்தார். அந்தத் தாள் கையிலேயே இருக்க, வாயில் வேறு வந்துவிட்டது.

"கேள்வி எழலையா? நான்தான் எழுந்து நிக்கிறேனே, ஐயா!"

அவை குலுங்கிச் சிரித்தது. அமைச்சர் மேஜையைத் தட்டினார். அவைத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "உறுப்பினர் எழுந்தது பதிவாகும். அடுத்த கேள்வி," என்றார். மைக் அணைந்தது. உறுப்பினர் சிரிப்புக் காட்டச் சொல்லவில்லை, வயிறு எரிந்துதான் சொன்னார். அது ஒருவருக்கும் புரியவில்லை.

வெளியே நடையில் துறை அதிகாரியை மறித்தார். "எப்படிங்க இல்லைன்னு சொல்வீங்க?"

"பொய் இல்லீங்களே," என்றார் அதிகாரி, ரொம்ப மரியாதையாக. "பெட்டியே இன்னும் பிரிக்கல. பிரிக்காத மெஷின் எப்படிப் பழுதாகும்? 'ஏன் மாட்டல'ன்னு நீங்க கேட்டிருந்தா நாங்க மாட்டியிருப்போம்."

எந்த அர்த்தத்தில் சொன்னாரோ, இரண்டும் பொருந்தின.

கேள்விப் பிரிவுக்கு ஓடினார். எழுத்தர் விதிப் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். ஒரே விஷயத்தை ஒரே கூட்டத்தொடரில் இரண்டு தடவை கேட்க முடியாது. அடுத்த தொடருக்கு ஆறு மாசம். அமைச்சரின் செயலாளரைப் போய்ப் பார்த்தார். "அவையிலேயே பதில் சொல்லியாச்சுங்களே," என்று அவர் கோப்பை மூடினார். கையைப் பிசைந்துகொண்டு படியிறங்கியவரை எழுத்தர் பின்னாலேயே வந்து பாராட்டினார். "ஜோக் பிரமாதம்ங்கய்யா."

மறுநாள் மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனார். 'கேள்வி எழவில்லை, உறுப்பினர் எழுந்தார்' என்ற பத்திரிகைத் துண்டைத் தையல் மெஷினுக்கு மேலே குண்டூசியால் குத்தி வைத்திருந்தாள்.

"ஊரே உன் பேச்சுதான் தம்பி," என்றாள்.

அத்தான் கட்டிலில் படுத்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. உறுப்பினர் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டி, பழுது, ஆறு மாசம் என்று ஒன்று விடாமல் சொன்னார்.

"ஒரு வார்த்தைத் தப்பு அத்தான். நான்தான் சரின்னு தலையாட்டினேன்."

"ஆறு மாசமா?" என்று மட்டும் கேட்டார் அத்தான்.

பேச்சை மாற்றப் பார்த்தாள் அக்கா. "சரி விடுங்க. நாளைக்கு பஸ்ஸுக்கு எத்தனை மணிக்கு எழுப்பட்டும்?"

"கேள்வி எழவில்லை," என்றார் அத்தான்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். உறுப்பினருக்கும் உதடு விரிந்தது. அத்தான் சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் தானே பஸ்ஸில் கூட்டிப் போகலாம் என்று உறுப்பினர் விடியும்போதே வந்தார். அக்கா வாசலில் நின்றாள். இப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"எழுந்திரிக்க மாட்டேங்கிறார் தம்பி. பதில்தான் வந்தாச்சேங்கிறார். நீ சொல்லு, உன் பேச்சைக் கேப்பார்."

உள்ளே போனார். அத்தான் முகம் இன்னும் சுவரைப் பார்த்தே இருந்தது. தெருமுனையில் பஸ் வந்து ஹாரன் அடித்தது. இந்த வீட்டுக்காக நிறுத்தி அடிப்பது டிரைவரின் வழக்கம்.

"அத்தான், எழுந்திருங்க," என்றார். "உங்க கால்ல விழுறேன், எழுந்திருங்க."

அத்தான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். பஸ் இன்னும் இரண்டு தடவை ஹாரன் அடித்தது. பிறகு போய்விட்டது.