நடு முளை

இரும்பு முளை அரை அடிகூட இறங்கவில்லை. ஜோஸ்பின் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, கேனிலிருந்த உப்புத் தண்ணீரை முளையைச் சுற்றி ஊற்றினாள். ஊற்றியது தெரியாமல் தரை உறிஞ்சிக்கொண்டது. வேடசந்தூருக்குத் தெற்கே, சோலைமலையின் அந்தச் சின்னத் தோட்டத்தில் பாதித் தென்னைகளுக்குத் தலையில்லை.

"சாமிக்கு ஊத்துறீகளா தாயி?" என்று கேட்டாள் சோலைமலையின் மனைவி பேச்சாயி.

"இல்லக்கா. மண்ணு காஞ்சு கெடந்தா கரண்டு உள்ள போகாது. அதுக்குத்தான்."

பேச்சாயி தலையாட்டினாள். ஆனாலும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு நின்றாள்.

ஜோஸ்பின் புவியமைப்பியல் படித்தவள். ஆழ்துளைக் கிணறு போட இடம் பார்த்துச் சொல்வதுதான் பிழைப்பு. உதவிக்கு வரும் ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டதால் சோலைமலையே வயரை இழுத்துக்கொண்டு நடந்தார். இரண்டு பக்கமும் வயரோடு போகும் முளைகளைப் பிடுங்கிப் பிடுங்கித் தள்ளி அடிக்க வேண்டும். அவை விலக விலக மின்சாரம் ஆழத்துக்குப் போகும். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் அளவு நாடாவைக் கட்டியிருந்த நடு முளை மட்டும் இடம் மாறாது.

வெயிலில் மீட்டரின் எண்கள் தெரியவில்லை. சோலைமலையின் மகள் அறிவுச்செல்வி ஜோஸ்பினின் குடையை விரித்து அவள் தலைக்கு மேலே பிடித்தாள்.

"எனக்கு வேணாம்டா. மீட்டருக்குப் புடி."

"இவளும் இந்தப் படிப்புதான் வேணும்ங்கிறா," என்றாள் பேச்சாயி. "வெளியூர்க் காலேஜுல எடமும் கெடச்சிருச்சு. ஹாஸ்டலுக்குன்னு ஆடுகள வித்து வச்சிருக்கோம். இவுக அப்பா அதை எடுத்து போர் போடணும்ங்கிறாரு. நல்ல படிப்புதானா தாயி?"

ஜோஸ்பின் மீட்டரில் வந்த எண்ணைக் குறித்துவிட்டு நெற்றியைத் துடைத்தாள். "எதைச் சொல்லக்கா? அலைச்சல். அவசரத்துக்கு ஒதுங்க ஒரு மறைவு இருக்காது. ஆம்பள ஆளு யாரும் வரலையாம்பாங்க. சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதி எழுதிக் கை ஓஞ்சுபோச்சு. டீச்சருக்குப் படிச்சிருக்கலாம்லன்னு எங்கம்மா ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வெளிய வந்ததுமே ஆரம்பிச்சிரும்."

"அப்ப வேணாம்ங்கிறீகளா?"

"சேத்துவிடுங்க. யாரு கண்ணுக்கும் தெரியாம கீழ கெடக்குறத மேல இருந்தே கண்டுபுடிக்கிறோம்ல. அந்தச் சந்தோசம் வேற வேலையில எனக்குக் கெடைக்காது."

அறிவுச்செல்வி சிரித்ததில் குடை சாய்ந்தது. ஜோஸ்பின் அதை நேராக்கிவிட்டாள்.

நெடுக்காகப் பார்த்து முடித்ததும், அதே நடு முளையை வைத்துக் குறுக்காகவும் பார்த்தாள். கீழே தண்ணீர் இருந்தால் இறங்க வேண்டிய எண் ஏறிக்கொண்டே போனது. வயரைச் சுருட்டினாள்.

"அண்ணே, போர் வேணாம். மேல கொஞ்சூண்டு மண்ணு. அதுக்குக் கீழ வெடிப்பே இல்லாத கெட்டிக் கல்லு. எம்புட்டு ஆழம் போனாலும் கல்லுத்தூளு புகையாத்தான் வரும்."

"ஒரு எடம் காட்டத்தானே கூப்புட்டேன்? இல்லைன்னு சொல்லவா இம்புட்டு நேரம்?"

"இல்லைன்னு சொல்றதும் என் வேலைதாண்ணே."

சோலைமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கூலியைப் பற்றி அவர் பேசவில்லை; அவளும் கேட்கவில்லை. பேச்சாயி சொம்பில் மோர் கொண்டுவந்தாள்.

முளைகளைச் சேகரித்தபோது நடு முளை மட்டும் வர மறுத்தது. ஜோஸ்பின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துப் பார்த்தாள். கை சிவந்ததுதான் மிச்சம். "கெடக்கட்டும். இந்தப் பக்கம் வரும்போது எடுத்துக்கிறேன்," என்றாள் அலுப்பாக. குடையை அறிவுச்செல்வியிடமே கொடுத்தாள். "காலேஜுக்கு வச்சுக்க."

அடுத்த மாதம் அந்தப் பக்கம் ஒரு வேலை வந்தது. போகிற வழியில் முளையை எடுக்க இறங்கினாள். வேலியருகே வந்தபோதே தெரிந்துவிட்டது. மிச்சமிருந்த தென்னை ஓலைகளெல்லாம் வெள்ளையாக இருந்தன. தோட்டத்தின் நடுவில் கல்தூள் குவியல். அதற்குப் பக்கத்தில் குழாயின் வாயைக் கல்லால் மூடியிருந்தார்கள். முளையைப் பிடுங்கிக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, ஓரமாக நட்டிருந்தார்கள். அதன் கழுத்தில் காய்ந்த பூச்சரம்.

"வேணாம்னுதானேண்ணே சொன்னேன்?"

சோலைமலை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "வாயால வேணாம்னீக. படிச்சவுக ஒண்ணுமில்லாத எடத்துலயா காலையில இருந்து உக்காந்திருப்பாக? முளைய வேற விட்டுட்டுப் போனீக. போர் வண்டி ஏஜெண்டு ஸ்டீபன்ராஜ்தான் சொன்னாப்ல. பின்னாடி பேச்சு வந்துரக்கூடாதுன்னு வாய்விட்டுச் சொல்ல மாட்டாக, முளைய விட்டுட்டுப் போனா அதான் பாயிண்டுன்னு."

"அது புடுங்க வரலண்ணே. அம்புட்டுதான்." குரல் உயர்ந்துவிட்டது. "உங்க கண்ணு முன்னாலதானே அடிச்சு அடிச்சுப் பாத்தேன்."

"நாங்க என்னத்தக் கண்டோம்? ஊரே கேக்குது, டவுன்ல இருந்து வந்த பொண்ணு காட்டுன எடம் இப்பிடிப் போச்சேன்னு."

மேலே சொல்ல வாயெடுத்தாள். பேச்சாயி மோர்ச் சொம்போடு வந்து நின்றாள். "மொதல்ல குடிங்க தாயி. வெயில்ல வந்திருக்கீக."

ஜோஸ்பின் குடித்தாள். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அறிவு எப்ப காலேஜுக்குக் கெளம்புறா?" என்று கேட்டாள். பேச்சாயி சொம்பைக் கவிழ்த்து மிச்சத்தைத் தென்னையின் வேரில் ஊற்றினாள்.

ஜோஸ்பின் முளையைப் பிடுங்கக் குனிந்தாள். முதுகில் நிழல் விழுந்தது. அறிவுச்செல்வி குடையோடு நின்றாள். மில் கொடுத்த நீலச் சட்டையைச் சுடிதாருக்கு மேலே போட்டிருந்தாள். காதோர முடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

அவள் உட்கார்ந்து குவியலிலிருந்து தூளை அள்ளினாள். ஒரு சில்லை விரல்களுக்கிடையே உருட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "மினுக்குதுக்கா. இது என்ன கல்லு?"

சாலையில் மில் பஸ் ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது.

அவள் சில்லைக் குவியலிலேயே போட்டாள். "மில்லுக்குள்ள குடை கொண்டுபோக விடமாட்டாங்கக்கா. நீங்களே வச்சுக்கங்க," என்று கையில் திணித்துவிட்டு வேலியைத் தாண்டி ஓடினாள்.

பஸ் போனபின்பும் ஜோஸ்பின் குடையை மடக்காமல் நின்றாள். அதன் கறுப்புப் பிடியில் அறிவுச்செல்வியின் ஐந்து விரல்களும் வெள்ளையாகப் பதிந்திருந்தன.