எனக்கு முன்னால் வந்தவர்

மூன்று நாளாக எனக்கு முன்பே நான் கோயிலுக்கு வந்துவிட்டுப் போய்விடுகிறேன்.

இன்று சீக்கிரமே கிளம்பினேன். என் மனைவி சொர்ணலதாவுக்கு நாளைக்கு வயிற்றில் ஆபரேஷன். அவள் பேருக்கு ஓர் அர்ச்சனை செய்தே தீர வேண்டும். குருக்கள் என் தேங்காய்த் தட்டைக் கையில் வாங்கவே இல்லை.

“இப்பத்தானே வந்துட்டுப் போனேள்?”

“நான் இல்ல சாமி.”

“நீங்கதான். ஆத்துக்காரி பேருக்குப் பண்ணியாச்சு. ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் அம்பாள் காது கொடுப்பா.”

எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. அம்பாளைப் பார்த்தேன். ஒன்றும் தெரியாதவள் போல நின்றாள். அவள்மேலும் ஒரு கண் வைத்துக்கொண்டேன்.

வாசலில் பூக்காரி பச்சையம்மாள் என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கினாள்.

“அவன் எந்தப் பக்கம் போனான்?” என்றேன்.

“மரியாதையாப் பேசுங்க. அவரு தரையில விழுந்து கும்பிடுறாரு. நீங்க வாசல்ல கெடக்கிற செருப்பைப் பார்த்துக்கிட்டே கன்னத்துல போட்டுக்குவீங்க.”

பொறாமையாக இருந்தது. அதை மறைப்பானேன்.

கோயில் ஆபீஸ் பிரகாரத்தின் மூலையில் இருக்கிறது. நடக்க நடக்கப் பிரகாரம் நீண்டுகொண்டே போயிற்று. நவக்கிரகத்தை நான்கு முறை கடந்தேன். ஒன்பது பேரும் வழக்கம்போல ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவராவது சாட்சி சொல்வார் என்று தோன்றவில்லை.

ஆபீஸ் கிளார்க் ஒரு படிவத்தை நீட்டினார். ‘நான் இன்னும் வரவில்லை’ என்று மேலே அச்சடித்திருந்தது.

“வந்துட்டுப் போனவர் இதுல கையெழுத்துப் போடணும்.”

“அவர் எங்க இருப்பார்?”

“உங்க வீட்லதான். வேற எங்க போவாரு?”

ஓடினேன். கதவைத் திறந்த சொர்ணலதாவின் நெற்றியில் புதுக் குங்குமம் இருந்தது. உள்ளே குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். யாரோ என் குரலில் இருமினார்கள்.

“கோயில்லேர்ந்து வர்றீங்களா?” என்றாள்.

“ஆமா.”

“அவர் குளிக்கிறார்.” குரலைத் தாழ்த்தினாள். “எனக்கு ரொம்பப் பயமா இருக்குங்க. அவர்கிட்ட சொல்லல. பாவம், எனக்காக தினமும் வேண்டிக்கிறார். கேட்டா உடைஞ்சு போயிடுவார்.”

என்னிடமும் அவள் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“உங்க பேருக்கு நானும் ஒரு அர்ச்சனை பண்ணிடுறேன். என்ன நட்சத்திரம்?” என்றேன்.

சொன்னாள். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் இன்றுதான் அது எனக்குத் தெரிந்தது.