ஹெப்சியின் குடுவை

வீலென்று அலறியது அலாரம்.

செகந்திராபாத்தை ஒட்டிய தார்நாகா ஆராய்ச்சிக்கூடத்தின் கான்டீனில் பாதி தோசையை அப்படியே விட்டுவிட்டு ஓடினார் தியோடர். மின்சாரம் தடுமாறினால் செல் வளர்க்கும் பெட்டியில் சூடு இறங்கும். சூடு இறங்கினால் அலாரம் கத்தும். 1989-ன் அந்தக் கோடையில் அது அடிக்கடி கத்தியது. மற்றவர்கள் நிதானமாக நடந்து போய்ப் பார்ப்பார்கள். தியோடரால் முடியாது. அந்தப் பெட்டிக்குள் இருந்த ஒரு குடுவையில் அவருடைய தங்கை மகளின் செல்கள் வளர்ந்துகொண்டிருந்தன.

ஹெப்சிக்குப் பதினொரு வயது. பார்ப்பவர்கள் அறுபது என்பார்கள். குழந்தையிலேயே முதுமை வந்துவிடும் ஓர் அபூர்வ நோய். முடி கொட்டி, தோல் சுருங்கி, மூட்டுகள் இறுகிவிட்டன. இதயமும் களைத்துவிட்டது என்று டாக்டர்கள் கைவிரித்திருந்தார்கள். தியோடர் முதுமையைப் பற்றி ஆராய்ந்தே தலை நரைத்தவர். அந்த முதுமை தங்கை வீட்டுக்கே வந்து உட்காரும் என்று அவர் நினைக்கவில்லை.

"சேலை முந்தியில நூல் பிரியாம இருக்க முடிச்சு போடுவல்லா, குரோமோசோம் நுனியிலயும் அது மாதிரி ஒண்ணு இருக்கு. டெலோமியர்னு பேரு. செல் ரெண்டாகப் பிரியும்போதெல்லாம் அது தேயுதோன்னு ஒரு சந்தேகம். தேஞ்சு முடிஞ்சா செல் நின்னுரும்" என்று தங்கை ஜெயசுந்தரிக்கு விளக்கியிருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு முன் ஹெப்சியின் கையிலிருந்து மிளகளவு தோல் எடுத்து வளர்த்தார். குடுவைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கடைசிக் குடுவையில் மட்டும் புதிதாக ஒரு மருந்தைச் சேர்த்தார். மார்ச் மாதம் அது திடீரென்று வளரத் தொடங்கியது. பிரித்து வேறு குடுவையில் வைத்தால் அதுவும் நிரம்பியது. ஆராய்ச்சி முடியுமுன் வெளியே சொல்லக்கூடாது என்பது அவருக்குத் தெரியாதா? அன்று மாலையே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்த் தங்கையிடம் சொல்லிவிட்டார்.

நல்லவேளை, பெட்டியில் சூடு அவ்வளவாக இறங்கவில்லை. அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பியபோது வாசலில் சந்திரமோகன் நின்றிருந்தார். பக்கத்து அறையில் புற்றுநோய் செல்கள் வளர்ப்பவர். லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்த தமிழர். அந்தக் குடுவைச் செல்களின் குரோமோசோம்களைப் பார்க்கச் சொல்லி அவரிடம் கொடுத்திருந்தவர் தியோடர்தான்.

"உக்காருங்க சார்."

"சொல்லும்யா. அலாரத்துலயே எனக்குப் பாதி உயிர் போயிட்டு."

"குரோமோசோம் நாப்பத்தாறு இருக்கணும். எழுபதுக்கு மேல இருக்கு. எனக்குத் தெரிஞ்ச மூஞ்சிங்க சார். எங்க ரூம் பசங்க."

தியோடர் சிரிக்கப் பார்த்தார். "விளையாடாதீரும்."

"இதுலபோய் விளையாடுவேனா? திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன். இது ஹெப்சியோட செல் இல்ல சார். என் கேன்சர் செல்."

எப்படி என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. செல்களுக்கு ஊட்டும் சீரம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். இறக்குமதி அனுமதி இழுத்துக்கொண்டே போக, இருந்த ஒரே பாட்டிலை இரண்டு அறைகளும் பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்பதுபோல மாற்றி மாற்றி வாங்கிப் பயன்படுத்தின. தனித்தனியாகப் பிரித்து வைக்கலாம் என்றார் சந்திரமோகன். ஊற்றும்போது வீணாகும் என்று தடுத்தவர் தியோடர். பாட்டிலின் கழுத்தில் ஒரு செல் ஒட்டியிருந்தால் போதும். மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

சாயங்காலம் செகந்திராபாத்தில் தங்கை வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

"வாங்கண்ணே. என்ன மூஞ்சி இப்படி இருக்கு? அண்ணி அடிச்சாவளா?" என்று சிரித்தபடி காபி கொண்டுவந்தாள் ஜெயசுந்தரி. நாசரேத்திலிருந்து வந்து எத்தனையோ வருஷமாகியும் அந்தக் குடும்பத்தின் பேச்சு மாறவில்லை.

"ஜெயா, வளருதுன்னு சொன்னேன்லா. அது ஹெப்சியோடது இல்ல. வேற செல் கலந்துட்டு. இவளுது எப்பவோ நின்னுட்டு."

அவள் டம்ளரை மெல்ல மேசையில் வைத்தாள்.

"போன ஞாயித்துக்கிழமை கோயில்ல எந்திரிச்சு நின்னு, கர்த்தர் எம்பிள்ளைக்கு வழி தொறந்துட்டார்னு சாட்சி சொன்னேனே அண்ணே. சபையே அழுதுச்சு."

"எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது ஜெயா."

"திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்க முடியாதா?"

ஆரம்பிக்கலாம். அதே மாதிரி வளரும், அதே மாதிரி நிற்கும். உண்மையான மருந்து ஒன்று கிடைக்கும்வரை ஹெப்சியின் இதயம் தாங்காது என்பதும் அவருக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் வேறு வார்த்தைதான் வந்தது.

"முடியும். இன்னொரு துண்டு தோல் வேணும். அவ்வளவுதான்."

உள்ளறைத் திரை விலகியது. ஹெப்சி சுவரைப் பிடித்தபடி வந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அவளுடைய வலது கையைப் பிடித்தார். வெடுக்கென்று அதை இழுத்துக்கொண்டு, இடது கையை நீட்டினாள்.

"அந்தக் கை நக்கோ, வேணாம் மாமா. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி எடுத்தீங்களே, அது இன்னும் ஆறல."